பிஸ்டன் மேல இருக்கற கார்பன்: எதைச் சுரண்டலாம், எதைத் தொடக்கூடாது

அப்பாவோட 98 மாடல் மாருதி 800 காலையில ஸ்டார்ட் பண்ணா நீலப்புகை தள்ளுது, ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்குதுன்னு ஆனதுக்கப்புறம்தான் என்ஜினை இறக்கிப் பாத்தரலாம்னு முடிவு பண்ணோம். கோயம்புத்தூர்ல எங்க மெக்கானிக் அண்ணன் ஹெட்டை, அதாவது சிலிண்டருக்கு மேல மூடி மாதிரி உக்கார்ற பகுதியைக் கழட்டி உள்ள டார்ச் அடிச்சுக் காட்டினப்ப சிலிண்டருக்குள்ள ஏறி எறங்கற மூணு பிஸ்டனும் தார் ஊத்தின மாதிரி இருந்துச்சு. வால்வ் மண்டையில காஞ்ச சேறு மாதிரி கெட்டியா ஒரு படிவு. எனக்கு உடனே கை பரபரன்னுச்சு, ஒரு ஆக்சா பிளேடும் எமரி தாளும் குடுங்கண்ணே நான் உக்காந்து பளபளன்னு பண்ணிடறேன்னு கேட்டேன். அவர் பிளேடைக் குடுக்கல. "தம்பி, மொதல்ல பாரு, அப்பறம் தொடு. கார்பனால செத்த என்ஜினை விட கார்பன் எடுக்கறேன்னு செத்த என்ஜின்தான் நான் நெறைய பாத்திருக்கேன்"னு சொன்னார்.

அன்னைக்கு அது எனக்குப் புரியல. அதுக்கப்புறம் அந்த என்ஜின் வேலை முடியற வரைக்கும் கூடவே இருந்து பாத்ததுலயும், அப்பறம் தேடிப் படிச்சதுலயும்தான் அவர் சொன்னது எவ்ளோ உண்மைன்னு தெரிஞ்சுது. என்ஜின் வேலைன்னா எல்லாரும் பிஸ்டனைச் சுத்தி மாட்டற ரிங்கு என்ன பிராண்டு, பேரிங் என்ன சைஸு, சிலிண்டரைக் கடைஞ்சு போர் பண்ணணுமா வேண்டாமான்னுதான் பேசறாங்க, கிளீனிங்கை மட்டும் கடைசியா வந்த பையன்கிட்ட விட்டர்றாங்க. வேலை முடிஞ்ச என்ஜின் எத்தனை வருஷம் ஓடும்ங்கறதுல பாதி அந்தப் பையன் கையிலதான் இருக்கு.

மொதல்ல இந்தக் கார்பன்னா என்ன. பேருதான் கார்பன், உண்மையில அது சுத்தமான கரி கெடையாது. முழுசா எரியாத பெட்ரோல், ரிங்கைத் தாண்டியும் வால்வ் தண்டு ஏறி எறங்கற கைடு வழியாவும் உள்ள கசிஞ்ச ஆயில், ஆயில்ல கலந்திருக்கற கால்சியம், ஜிங்க் மாதிரி சமாச்சாரங்களோட சாம்பல், காத்தோட வந்த தூசி, இது எல்லாம் சேந்து சூட்டுல வெந்து இறுகின ஒரு கலவை. அடுப்புல பால் பொங்கி வழிஞ்சு அடியில புடிச்சிருக்குமே, மொதல்ல ஒட்டிக்கிற மாதிரி இருக்கும், நாள் போகப் போக கல்லாயிரும், அதே கதைதான். ஒவ்வொரு எடத்துலயும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். பிஸ்டன் மேலயும் ஹெட்லயும் கெட்டியா ஓடு மாதிரி, காத்தும் பெட்ரோலும் உள்ள வர்ற இன்டேக் வால்வோட பின்பக்கம் பிசுபிசுன்னு ஆயில் ஊறின மாதிரி, ரிங் பள்ளத்துக்குள்ள கண்ணாடி மாதிரி இறுகி, பிஸ்டனுக்கு அடியில ஆயில் கருகி பழுப்பா வார்னிஷ் அடிச்ச மாதிரி. புகை வெளிய போற எக்ஸாஸ்ட் வால்வ்ல மட்டும் கம்மியா, வெளிறிப்போயி இருக்கும், ஏன்னா அது ஓடறப்ப 700 டிகிரி வரைக்கும் சூடாகுது, அந்தச் சூட்டுல கரி எரிஞ்சு போயிரும், சாம்பல் மட்டும்தான் மிஞ்சும். படிவு உக்கார்றது எல்லாம் ஏறக்குறைய 300 டிகிரிக்குக் கீழ இருக்கற எடத்துலதான்.

இன்னொண்ணு, படிவு ஏறிக்கிட்டே போகாது. புது என்ஜின்ல மொத சில ஆயிரம் கிலோமீட்டர்ல வேகமா ஏறும், அப்பறம் ஒரு கனத்துக்கு மேல அதோட மேல்பரப்பே சூடாயி எரிய ஆரம்பிச்சுரும், கொஞ்சம் உதிரும், கொஞ்சம் ஏறும், அப்படியே ஒரு அளவுல நின்னுரும். அதனால நல்லா ஓடற என்ஜின்ல கார்பன் இருக்குதுன்னு பயந்து ஹெட்டைக் கழட்டறது தேவையில்லாத வேலை. ஆயில் உள்ள போக ஆரம்பிச்சாதான் அந்த அளவு கெட்டுப் போகும். அப்ப கார்பன்ங்கறது பாதி நேரம் வியாதி கெடையாது, வியாதியோட அடையாளம்.

ஆனா ஒண்ணும் பண்ணாதுன்னும் சொல்ல முடியாது, ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்க. மாருதி 800ல ஒரு சிலிண்டரோட போர், அதாவது உள் விட்டம், 68.5 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி எறங்கற தூரமான ஸ்ட்ரோக் 72, அப்ப ஒரு சிலிண்டருக்கு 265 சிசி சொச்சம், மூணும் சேந்து 796. உள்ள வந்த கலவை எத்தனை மடங்கு அமுங்குதுங்கற கம்ப்ரஷன் ரேஷியோ 8.7னு வச்சுக்கிட்டா பிஸ்டன் மேல வந்து நிக்கறப்ப மிச்சம் இருக்கற எடம் வெறும் 34 சிசிதான். பிஸ்டன் மேல அரை மில்லிமீட்டர் படிஞ்சாலே அதுல 1.8 சிசி போயிருது, ஹெட் பக்கமும் அதே அளவுன்னா 3.6 சிசி போச்சு, ரேஷியோ 9.6 கிட்ட போயிரும். அதே பெட்ரோலை ஊத்திட்டு ரேஷியோ மட்டும் ஏறினா மேட்டுல ஏத்தறப்ப டிக் டிக்னு நாக்கிங் சத்தம் கேக்காம என்ன பண்ணும். அது போதாதுன்னு இந்தக் கார்பன் சூட்டை வெளிய விடாது, கம்பளி போத்தின மாதிரி உள்ளயே புடிச்சு வச்சுக்கும், ஒரு முனை நீட்டிக்கிட்டு இருந்தா அது கங்கு மாதிரி செவந்து பிளக் தீப்பொறி விடறதுக்கு முன்னாடியே பெட்ரோலைப் பத்த வச்சுரும். வால்வ் உக்கார்ற எடத்துல ஒரு துணுக்கு மாட்டினா வால்வ் முழுசா மூடாது, அந்த இடுக்குல நெருப்புக் காத்து பீறிட்டு வால்வ் ஓரமே எரிஞ்சு போகும். ரிங் பள்ளத்துல அடைச்சா ரிங் வெளிய விரியாது, ஆயில் மேல ஏறும், அந்த ஆயில் இன்னும் கார்பனாகும். எங்க வண்டிக்கு நடந்தது இந்தக் கடைசி கதைதான்.

இப்ப அண்ணன் சொன்ன "மொதல்ல பாரு"க்கு வர்றேன். கழட்டின உடனே துடைக்காம மூணு பிஸ்டனையும் வரிசையா வச்சுப் பாத்தா அந்த என்ஜின் எப்படி ஓடிச்சுன்னு அதுவே சொல்லுது. காஞ்ச கறுப்பு மாவு மாதிரி இருந்தா பெட்ரோல் ஜாஸ்தியா போயிருக்கு, கார்புரேட்டர் பக்கம் பாக்கணும். வழுவழுன்னு ஈரமா ஆயில் பூசின மாதிரி இருந்தா ரிங்கோ வால்வ் சீலோ போச்சு. இதுலயும் ஒரு நுணுக்கம் இருக்கு, பிஸ்டன் ஓரத்துல மட்டும் சுத்தி கார்பன் இல்லாம அலசி விட்ட மாதிரி அலுமினியம் தெரிஞ்சா ஆயில் ரிங் பக்கத்துலருந்து ஏறி வந்து ஓரத்தைக் கழுவியிருக்குன்னு அர்த்தம், அதுவே இன்டேக் வால்வ் பின்பக்கம் மட்டும் கட்டி கட்டியா இருந்தா மேலருந்து, அதாவது வால்வ் சீல் வழியா எறங்கியிருக்கு. ஒரே ஒரு பிஸ்டன் மட்டும் ஆவி புடிச்சுக் கழுவின மாதிரி சுத்தமா இருந்தா சந்தோஷப்படாதீங்க, அந்தச் சிலிண்டருக்குள்ள கூலன்ட் போயிருக்கு, ஹெட்டுக்கு அடியில அடைப்பா இருக்கற கேஸ்கெட்டையும் ஹெட்ல விரிசல் இருக்கான்னும் பாக்கணும். எங்க வண்டியில ரெண்டாம் நம்பர் பிஸ்டன் ஓரம் மட்டும் வெள்ளையா இருந்துச்சு, அந்த பிஸ்டனோட ஆயில் ரிங்தான் அசையாம இறுகிப் போயிருந்துச்சு. துடைச்சுட்டுப் பாத்திருந்தா மூணும் ஒரே மாதிரி பளபளன்னு இருந்திருக்கும், ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. இப்ப எல்லார் கையிலயும் போன் இருக்கு, தொடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பிஸ்டனையும், ஒவ்வொரு வால்வையும் நம்பர் எழுதி வச்சு போட்டோ எடுத்துக்கங்க, தயவு செஞ்சு.

பழைய காலத்துல இந்த வேலை இவ்ளோ அபூர்வம் கெடையாது. அம்பாசடர் ஓட்டினவங்க, சென்னையில 1961லருந்து செஞ்ச ஸ்டாண்டர்டு ஹெரால்டு வச்சிருந்தவங்க இவங்களுக்கெல்லாம் டீகார்பனைசிங்ங்கறது ஒரு வழக்கமான சர்வீஸ். குறிப்பிட்ட கிலோமீட்டர் ஆனா ஹெட்டைக் கழட்டி, சுரண்டி, வால்வ் கிரைண்டிங் போட்டு மாட்டிருவாங்க. அப்ப ஆயில்ல அழுக்கைப் பிரிச்சு வைக்கற டிடர்ஜென்ட் கம்மி, கார்புரேட்டர் கணக்கும் தோராயம், பெட்ரோல்ல ஈயம் வேற. அந்தக் கால மெக்கானிக்குங்ககிட்ட ஒரு பழக்கம் இருந்துச்சு, பிஸ்டன் நடுவுல மட்டும் சுரண்டிட்டு ஓரத்துல சுத்தி ஒரு வளையம் மாதிரி கார்பனை அப்படியே விட்டுருவாங்க, ஒரு பழைய ரிங்கை மேல வச்சு அந்த வளையம் கெடாம பாத்துக்குவாங்க. தேஞ்ச போர்ல அந்தக் கார்பன் வளையம் ஆயிலை மேல வரவிடாம தடுக்கும், அதையும் எடுத்துட்டா ஹெட் வேலை பாத்ததுக்கப்புறம் புகை ஜாஸ்தியாயிரும்ங்கறது அவங்க அனுபவம். பிஸ்டனை வெளிய எடுக்காம ஹெட் மட்டும் கழட்டற வேலைக்கு அது சரியான புத்திதான். ஆனா ரிங் மாத்தற முழு வேலையில அது செல்லாது, அங்க ஓரமும் பள்ளமும்தான் முக்கியமா சுத்தமாகணும்.

அந்த ஈயத்தைப் பத்தியும் ஒரு வார்த்தை. நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல் வந்தது 2000 பிப்ரவரியிலதான், அதுக்கு முன்னாடி ஓடி அப்படியே ஷெட்டுல நின்னுபோன பழைய வண்டியைக் கழட்டறீங்கன்னா அந்தச் சாம்பல் நிறப் படிவுல ஈயம் இருக்கும். அதைக் காஞ்ச மேனிக்கு பிரஷ் போட்டுத் தூள் பறக்க விடாதீங்க, நனைச்சுட்டு எடுங்க, மாஸ்க் போடுங்க, கையைக் கழுவாம டீ கிளாஸைத் தொடாதீங்க. சின்னப் பசங்க வேலை பாக்கற எடம்னா இது இன்னும் முக்கியம்.

இப்ப எங்களுக்கு நடந்த நஷ்டத்தைச் சொல்றேன். ஹெட்டை, வால்வ் உக்கார்ற எடத்தைச் சரி பண்ற சீட் கட்டிங்குக்காக ஒரு லேத் ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினோம். ரெண்டு நாள் கழிச்சுப் போனா ஹெட் கறுத்துப்போயி, தொட்டா மேல சொரசொரன்னு, கேஸ்கெட் உக்கார்ற மொகம் முழுக்க பொடிப் பொடியா குழி. என்னாச்சுன்னா அங்க ஒரு பெரிய தொட்டியில காஸ்டிக் சோடா தண்ணி கொதிச்சுக்கிட்டே இருக்கும், லாரி பிளாக் எல்லாம் அதுலதான் போடுவாங்க, ராத்திரி போட்டா காலையில கிரீஸ், கார்பன், பெயின்ட் எல்லாம் வழிச்சு எடுத்த மாதிரி வந்துரும். அந்தத் தொட்டியில எங்க ஹெட்டையும் போட்டுட்டாங்க. வார்ப்பிரும்பை காஸ்டிக் ஒண்ணும் பண்ணாது, அலுமினியத்தைச் சாப்ட்ரும். அலுமினியம் மேல காத்துபட்டு உண்டான ஒரு மெல்லிய ஆக்சைடு தோல் இருக்கு, அதுதான் அதுக்குக் கவசம், காஸ்டிக் மொதல்ல அந்தத் தோலைக் கரைக்குது, அப்பறம் உலோகத்தையே கரைக்குது, கரையறப்ப ஹைட்ரஜன் வாயு குபுகுபுன்னு வரும், மூடின எடத்துல பத்திக்கக் கூடிய வாயு அது.

அந்த லேத் ஆளை மட்டும் குத்தம் சொல்லவும் எனக்கு மனசு வரல. அவர் தொழில் கத்துக்கிட்டது அம்பாசடர் காலத்துல, அந்த 1489 சிசி என்ஜின்ல பிளாக்கும் இரும்பு ஹெட்டும் இரும்பு. பழக்கம் கையில ஊறிப் போச்சு, உலோகம் மாறிப் போச்சு. இன்னைக்கு ரோட்டுல ஓடற கார்ல ஹெட் ஏறக்குறைய எல்லாமே அலுமினியம், நெறைய வண்டியில பிளாக்கே அலுமினியம், பிஸ்டனும் பெரும்பாலும் அலுமினியம்தான். அதனால ஹெட்டை எங்க குடுத்தாலும் "அண்ணே இது அலுமினியம், காஸ்டிக்ல போட்றாதீங்க"ன்னு வாய்விட்டுச் சொல்லுங்க, மார்க்கர்ல எழுதியும் விடுங்க. ஓவன் கிளீனர்னு கடையில விக்கறதுலயும் பெரும்பாலும் காஸ்டிக்தான் இருக்கு. பாத்ரூம் ஆசிட் ஊத்தினா கார்பன் போகும்னு ஒருத்தர் சொல்லி இன்னொருத்தர் செய்யறாங்க, அந்த ஆசிட் கார்பனை ஒண்ணும் பண்ணாது, அலுமினியத்தைத்தான் தின்னும், பக்கத்துல இருக்கற இரும்பெல்லாம் துரு ஏறும். நாங்க கடைசியில ஒரு செகண்ட் ஹேண்ட் ஹெட் வாங்கித்தான் மாட்டினோம்.

அப்ப அலுமினியத்துல கார்பனை எப்படித்தான் எடுக்கறது. பொறுமையா ஊற வச்சு, அலுமினியத்தைக் கீறாத மிருதுவான பொருளால சுரண்டி, திரும்ப ஊற வச்சு. வேற குறுக்கு வழி இல்ல. பிஸ்டனை டீசல்லயோ மண்ணெண்ணெய்லயோ ஒரு நாள் முழுக்கப் போட்டு வச்சா ஆயில் கலந்த மேல் பகுதி இளகிரும், அடியில இருக்கற இறுகின ஓடு இளகாது, அதுக்கு கார்புரேட்டர் கிளீனரோ அலுமினியத்துக்கு ஆகற கார்பன் ரிமூவரோ வேணும். பெட்ரோல் வேண்டாம், அதோட ஆவி தரையோட தவழ்ந்து போயி எங்கயோ இருக்கற ஹீட்டர்லயோ சுவிட்ச்லயோ பத்திக்கும். ஊறினதை பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பர், கூரா சீவின மூங்கில் குச்சி, அதுக்கும் மசியலன்னா பித்தளை பிரஷ், இப்படித் தள்ளி எடுக்கணும். கேஸ் டார்ச் வச்சுச் சுட்டு எரிக்கற ஆளுங்களும் இருக்காங்க. கரி பத்தறதுக்கு 500, 600 டிகிரி வேணும், அலுமினியம் 660ல உருகிரும், உருகறதுக்கு ரொம்ப முன்னாடியே 200 சொச்சத்துலயே பிஸ்டனுக்குக் குடுத்த பதம் இறங்க ஆரம்பிச்சுரும். வெளிய பாத்தா நல்லா இருக்கும், உள்ள பலம் போயிருக்கும்.

பிஸ்டன்ல உயிர் இருக்கறது ரிங் பள்ளத்துலதான், அதனால இதை மட்டும் கொஞ்சம் விரிவாச் சொல்றேன். ரிங்குக்கும் பள்ளத்தோட சுவருக்கும் நடுவுல இருக்கற இடைவெளி பெட்ரோல் கார் என்ஜின்ல பொதுவா 0.03லருந்து 0.07 மில்லிமீட்டர் வரைக்கும்தான், நம்ம தலைமுடி கனம் அவ்ளோதான். எரியற காத்து மேல் ரிங்கோட பின்பக்கம் புகுந்து அதை வெளிய தள்ளி போர்ல அழுத்துது, அதே சமயம் ரிங்கைக் கீழ்ச்சுவர்ல அமுக்குது, ரிங் சீல் ஆகறதே அப்படித்தான். பள்ளத்தோட அடியில கார்பன் மிஞ்சிச்சுன்னா புது ரிங் உள்ள முழுசாப் போகாது, போர்ல ஏத்தறப்பவே உடையும், இல்லன்னா ஓடறப்ப போரைக் கீறும். சரி முழுசா எடுத்தர்றேன்னு கூரான இரும்பை வச்சு அழுத்திச் சுரண்டினா கார்பனோட சேத்து அலுமினியமும் சுருளா வரும், பள்ளம் அகலமாயிரும், அப்பறம் ரிங் பள்ளத்துக்குள்ள ஏறி எறங்கி ஆடி ஆயிலை பம்ப் மாதிரி மேல அனுப்பும். புது ரிங் போட்டும் ஆயில் குடிக்குதுங்கற நெறைய வண்டியோட கதை இதுதான்னு எங்க அண்ணன் அடிச்சுச் சொல்வார்.

பழைய ரிங்கையே உடைச்சு அதோட முனையை வச்சுப் பள்ளத்தைச் சுத்தம் பண்றது எல்லா ஒர்க்‌ஷாப்லயும் உள்ள வழக்கம், அகலம் சரியா இருக்கும்ங்கறதால அது நல்ல யோசனைதான், ஆனா உடைஞ்ச முனை பிளேடு மாதிரி இருக்கும், ரிங்கோ எஃகு, இல்ல வார்ப்பிரும்பு. அதனால முனையோட ரெண்டு பக்க ஓரத்தையும் லேசா ராவி மழுக்கிட்டு, பள்ளத்தோட அடியை மட்டும் தொடற மாதிரி, சுவர்ல அழுத்தம் குடுக்காம இழுக்கணும். கறுப்புத் தூள் வர்ற வரைக்கும் சரி, வெள்ளிக் கலர் மினுமினுப்பு வந்தா நிறுத்திரணும். முடிச்சுட்டு புது ரிங்கைப் பள்ளத்துல வெளிப்பக்கமா வச்சு உருட்டிப் பாக்கணும், ஃபீலர் கேஜ்ங்கற மெல்லிய அளவுத் தகடு விட்டு அளக்கணும். அளவு தாண்டிருச்சுன்னா அந்த பிஸ்டனுக்கு விடை குடுத்துட்டுப் புதுசு வாங்கறதுதான் நியாயம்.

மூணாவது பள்ளத்துல, அதாவது ஆயில் ரிங் உக்கார்ற எடத்துல, உள்பக்கமா சின்னச் சின்ன ஓட்டை இருக்கும். போர்லருந்து வழிச்ச ஆயில் அந்த ஓட்டை வழியாத்தான் சம்புக்கு, அதாவது என்ஜின் அடியில ஆயில் தேங்கற தொட்டிக்குத் திரும்பப் போகணும். எங்க ரெண்டாம் நம்பர் பிஸ்டன்ல அந்த ஓட்டைல முக்கால்வாசி இறுகி அடைச்சிருந்துச்சு, போக வழி இல்லாத ஆயில் மேலதான் வரும். சரியான அளவு டிரில் பிட்டைக் கையாலயே திருப்பி ஒவ்வொண்ணா எடுத்தோம், மெஷின்ல மாட்டிப் போட்டா ஓட்டை பெருசாயிரும். மூணு பிஸ்டனுக்கு ஒரு மத்தியானம் முழுக்க ஆச்சு. அந்த ஒரு மத்தியானத்துக்குத்தான் எங்க ஆயில் பிரச்சினையே தீந்துச்சுன்னு நான் நம்பறேன். பிஸ்டன் பக்கவாட்டுல சில வண்டியில கறுப்பா ஒரு கோட்டிங் இருக்கும், அதைக் கார்பன்னு நெனச்சுத் தேய்ச்சு எடுத்தர்றாங்க, அது கம்பெனியில போட்ட உராய்வு குறைக்கற பூச்சு, அதுல கை வைக்காதீங்க.

அடுத்தது எமரி. என் நண்பன் ஒருத்தன் வண்டியில ஹெட் மொகத்தையும் பிளாக் மொகத்தையும் கிரைண்டர்ல நார் டிஸ்க் மாட்டி கண்ணாடி மாதிரி பண்ணி மாட்டினாங்க. அவ்ளோ அழகா இருந்துச்சு. 2000 கிலோமீட்டர் தாண்டறதுக்குள்ள பிஸ்டனையும் அடியில சுத்தற கிராங்கையும் இணைக்கற கான்ராடு பேரிங் தட்ட ஆரம்பிச்சுருச்சு. கழட்டிப் பாத்தா பேரிங் முழுக்கக் கோடு கோடா. அந்த டிஸ்க்லயும் எமரி தாள்லயும் இருக்கற மணல் அலுமினியம் ஆக்சைடு, கடினத்துல வைரத்துக்குக் கொஞ்சம்தான் கீழ, மோஸ் அளவுல வைரம் 10னா இது 9. 180 நம்பர் தாள்ல ஒரு மணல் துகள் ஏறக்குறைய 80 மைக்ரான், 400 நம்பர்ல 35 மைக்ரான், ஆயிரம் மைக்ரான் சேந்தா ஒரு மில்லிமீட்டர். பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவுல ஆயில் ஓடற இடைவெளியே 20லருந்து 50 மைக்ரான்தான், லோடு ஏறறப்ப ஆயில் படலம் சில மைக்ரானுக்கு மெலிஞ்சுரும். அந்த எடத்துல இந்தத் துகள் ஒண்ணு போனா மிருதுவான பேரிங் மேல பதிஞ்சு உக்காந்துக்கிட்டு, சுத்தற கிராங்கைக் கடைசி வரைக்கும் ராவிக்கிட்டே இருக்கும்.

ஆயில் ஃபில்டர் புடிச்சுக்காதான்னு கேப்பீங்க, நானும் அதைத்தான் கேட்டேன். சம்புல விழுந்தது ஃபில்டர் வழியாப் போகும், ஓரளவு புடிக்கும். ஆனா பிளாக்குக்குள்ளயும் கிராங்குக்குள்ளயும் ஹெட்டுக்குள்ளயும் இருக்கற ஆயில் வழியில தூசி உக்காந்திருந்தா அது ஃபில்டருக்கு அந்தப் பக்கம் இருக்கு, மொத ஸ்டார்ட்லயே நேரா பேரிங்குக்கும் கேம்ஷாஃப்ட்டுக்கும்தான் போகும். அமெரிக்காவுல ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி இதுக்குன்னே 00-06-01-012ங்கற நம்பர்ல சர்வீஸ் புல்லட்டின் விட்டுச்சு, அந்த மாதிரி டிஸ்க்கை என்ஜின் பார்ட்ஸ் சுத்தம் பண்ணப் பயன்படுத்தாதீங்க, அதுலருந்து வர்ற அலுமினியம் ஆக்சைடு பேரிங்கைக் கெடுக்குதுன்னு. வண்டி செய்யற கம்பெனியே அனுபவிச்சு சொன்ன விஷயம். பழைய கேஸ்கெட் ஒட்டிக்கிட்டு வரலன்னா ரிமூவர் போட்டு ஊற வச்சு பிளாஸ்டிக்ல தள்ளுங்க, மொகம் மங்கலா இருந்தா ஒண்ணும் ஆகாது, தட்டையா இருந்தாப் போதும். டிஸ்க் ஒரு எடத்துல ஒரு நொடி அதிகமா நின்னாலே பள்ளம் விழும், ஹெட் மொகத்துல பொதுவா 0.05 மில்லிமீட்டர் வளைவுக்கு மேல போனா கேஸ்கெட் சரியா உக்காராது.

வால்வ் விஷயம் கொஞ்சம் சுலபம், அது இரும்பு ஜாதி, தாங்கும். அட்டையில ஓட்டை போட்டு நம்பர் எழுதி வரிசை மாறாம குத்தி வச்சுட்டு, மண்டையில இருக்கறதை வயர் பிரஷ்லயே எடுக்கலாம். தண்டுல, அதாவது கைடுக்குள்ள ஏறி எறங்கற பகுதியில, வயர் பிரஷ் படக்கூடாது. ஹெட்ல பெட்ரோல் எரியற சேம்பரைச் சுத்தம் பண்றப்ப வால்வையும் பழைய பிளக்கையும் மாட்டியே வச்சுக்கங்க, சீட்டும் பிளக் மரையும் தப்பிக்கும். கடைசியா கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேச்சா அந்த பேஸ்ட்டும் ஒரு மணல்தான், ஒரு துளி விடாம கழுவணும். வால்வை மாட்டிட்டு, அந்த வால்வுக்குப் போற வழியான போர்ட்ல மண்ணெண்ணெய் ஊத்திக் கசியுதான்னு பாக்கறது பழைய வழக்கம், இன்னைக்கும் அதைவிட சுலபமான பரிசோதனை கெடையாது.

காத்தழுத்தத்துல பொடியை அடிச்சு சுத்தம் பண்ற பிளாஸ்டிங் பத்தியும் கேக்கறாங்க. மணல், கண்ணாடி மணி இதெல்லாம் பிஸ்டன்லயும் ஹெட்லயும் அடிச்சா பாக்க அருமையா வரும், ஆனா அந்த மணி ரிங் பள்ளத்துலயும் ஆயில் ஓட்டைலயும் மறைஞ்சுக்கும், மேல சொன்ன கதைதான் திரும்ப. சமையல் சோடாவை அடிக்கற சோடா பிளாஸ்டிங்ல மிஞ்சினது தண்ணியில கரைஞ்சு போயிரும்ங்கறதால அது பரவால்ல. வால்நட் ஓட்டைத் தூளாக்கி அடிக்கற முறை நேரடியா சிலிண்டருக்குள்ளயே பெட்ரோல் பீச்சற என்ஜின்களால பேர் வாங்குச்சு, 2006ல வந்த பிஎம்டபிள்யூ என்54 மாதிரி. சாதாரண என்ஜின்ல இன்ஜெக்டர் இன்டேக் வால்வ் மேல பெட்ரோல் தெளிக்கும், அதுவே வால்வைக் கழுவிக்கிட்டே இருக்கும், டிடர்ஜென்ட் கலந்த பெட்ரோலோ டேங்க்ல ஊத்தற கிளீனரோ அங்கதான் வேலை செய்யும். நேரடி இன்ஜெக்ஷன்ல பெட்ரோல் அந்த வால்வைத் தொடறதே இல்ல, ஆனா ஆயில் ஆவி மட்டும் வந்துக்கிட்டே இருக்கு, அதனால டேங்க்ல என்ன ஊத்தினாலும் அந்த வால்வுக்குப் போய்ச் சேராது. டொயோட்டா இதுக்காகவே சில என்ஜின்ல ரெண்டு எடத்துலயும் இன்ஜெக்டர் வச்சுச்சு. இங்க போலோ டிஎஸ்ஐ, வென்யூ டர்போ பெட்ரோல் வச்சிருக்கறவங்க இதைத் தெரிஞ்சு வச்சுக்கறது நல்லது. வால்நட் ஓடு கார்பனை உடைக்கற அளவுக்குக் கடினம், வால்வையும் அலுமினியத்தையும் கீறற அளவுக்குக் கடினம் கெடையாது.

டீசல்ல கதை வேற. ஸ்விஃப்ட்ல வந்த 1248 சிசி டீசல் மாதிரி என்ஜின்ல எக்ஸாஸ்ட் புகையில கொஞ்சத்தைத் திரும்ப உள்ள விடற இஜிஆர் வழியா வர்ற புகைக்கரியும் என்ஜின் மூச்சு விடற ஆயில் ஆவியும், காத்து உள்ள போற குழாயான இன்டேக் மேனிஃபோல்டுல கலந்து கெட்டித் தார் மாதிரி வழியையே அடைக்கும். என்ஜின் வேலை பாக்கறப்ப பிஸ்டனை மட்டும் சுத்தம் பண்ணிட்டு மேனிஃபோல்டை அப்படியே மாட்டினீங்கன்னா கொஞ்ச நாள்லயே பிக்கப் இல்லன்னு திரும்ப வந்து நிக்கும்.

கடைசி வேலை கழுவறது, இதுலதான் எல்லாரும் அவசரப்படறாங்க. போர் சுவரைக் கல்லால தேச்சு ஹோனிங் பண்ணதுக்கப்புறம் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ போட்டுத் துடைச்சா போதும்னு நெனைக்கறாங்க, அது எண்ணெயை எடுக்கும், கோட்டுக்குள்ள உக்காந்திருக்கற கல்தூளை எடுக்காது. சுடுதண்ணி, சோப்புத் தூள், நைலான் பிரஷ், அவ்ளோதான், அழுத்தித் தேய்க்கணும். ஆயில் வழியோட பிளக்கைக் கழட்டி நீளமான பிரஷ் விட்டு இழுக்கணும், அப்பறம் கம்ப்ரஸர் காத்து ரெண்டு பக்கத்துலருந்தும். காஞ்ச உடனே போர்ல ஆயில் தடவலன்னா சில நிமிஷத்துலயே செவப்பா துரு பூக்கும். துடைக்கற துணியும் கவனிக்கணும், இந்தப் பக்கம் எல்லா ஒர்க்‌ஷாப்லயும் திருப்பூர் பனியன் வேஸ்ட்தான், வெளி வேலைக்கு அதைவிட நல்ல துணி இல்ல, ஆனா அதோட நூல் பிசிறு உள்ள விழுந்தா சம்புல இருக்கற ஸ்ட்ரெய்னர் வலையில போயி ஒட்டும், அதனால என்ஜின் உள்பக்கத்துக்கு மட்டும் நூல் உதிராத பழைய வேட்டித் துணி வச்சிருந்தார் எங்க அண்ணன்.

அவர் கடைசியா பண்ண பரிசோதனை அந்த வெள்ளைத் துணியிலதான். சுத்தமான ஆயில்ல நனைச்சு போர் உள்ள விட்டு ஒரு சுத்து சுத்தி எடுத்தார், சாம்பல் கலர்ல லேசா ஒரு நெழல் இருந்துச்சு. எனக்கு அது சுத்தமாத்தான் தெரிஞ்சுது. அவர் ஒண்ணும் சொல்லாம திரும்ப வெந்நி வைக்கச் சொன்னார். நாலாவது தடவைதான் துணி வெள்ளையாவே வந்துச்சு, அதுக்கப்புறம்தான் ரிங்கோட டப்பாவைப் பிரிச்சார்.